தாம்பரத்துக்கு அப்பால் ஒரு வீடு: வீட்டுக் கடன் பற்றிய கேள்வி – பதில்

வீட்டுக் கடன் தொடர்பான ஐயங்களை எழுதி அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பகுதி தாம்பரம் முதல் செங்கல்பட்டு வரை ரயில் பாதையை ஒட்டியுள்ள ஊர்களிலிருந்தே வந்திருக்கின்றன. இதில் வியப்பில்லை. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானது. 2021இல் தாம்பரம் மாநகராட்சியானது. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. வேலை சென்னையில், வீடு இங்கே என்று காலையில் மின்சார ரயிலைப் பிடிப்போர் ஆண்டுக்கு ஆண்டு கூடிவருகிறார்கள். மனை விலையும் அவர்களோடு சேர்ந்தே ஏறுகிறது. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கி, சொந்த விவரங்களை நீக்கிவிட்டு இங்கே பதில் தருகிறேன்.

சிங்கப்பெருமாள் கோவில் அருகே 1,200 சதுர அடி மனை ஒன்றைப் பார்த்திருக்கிறோம். பட்டா இருக்கிறது, பஞ்சாயத்து அங்கீகாரமும் இருக்கிறது என்கிறார் விற்பவர். இரண்டு வங்கிகள் கடன் தர மறுத்துவிட்டன. வேறொரு நிதி நிறுவனத்தில் தானே ஏற்பாடு செய்து தருவதாகத் தரகர் சொல்கிறார். வாங்கலாமா ஐயா?
— ஒரு வாசகி, மறைமலை நகர்

இப்போதைக்கு ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்காதீர்கள். மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் தரும் அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவருக்குக் கிடையாது. இடம் எந்த எல்லைக்குள் வருகிறது என்பதைப் பொறுத்து, நகர் ஊரமைப்பு இயக்ககமான டி.டி.சி.பி.யோ சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வோதான் அதைத் தரவேண்டும். அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப் பதிவுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்ததும், அதன் பிறகு 2017இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்ததும் உங்களுக்கு நினைவிருக்கலாம். அந்த விதிகளின்படி 2016 அக்டோபர் 20ஆம் தேதிக்கு முன் உருவான மனைப்பிரிவுகளுக்கு வரன்முறை ஆணை பெற வழியிருந்தது. ஆகவே விற்பவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது பஞ்சாயத்து முத்திரை குத்திய வரைபடத்தை அல்ல. அங்கீகார எண்ணையோ வரன்முறை ஆணையையோதான்.

‘பக்கத்து மனை போன மாதம்தானே பதிவானது’ என்று தரகர் சொல்லக்கூடும். அது உண்மையாகவே இருக்கலாம். தடைக்கு முன்பே வீட்டு மனையாக ஒருமுறை பதிவான இடத்தை மறுபடி விற்றுப் பதிவு செய்யச் சட்டத்தில் இடமிருக்கிறது. ஆனால் பத்திரம் பதிவானதாலேயே மனை அங்கீகாரம் பெற்றதாகிவிடாது. வீடு கட்ட அனுமதி கேட்டுப் போகும்போதுதான் அந்த வேறுபாடு உறைக்கும்.

இரண்டு வங்கிகள் மறுத்ததை, இரண்டு வழக்கறிஞர்கள் உங்களுக்குச் செலவில்லாமல் தந்த கருத்தாக எடுத்துக்கொள்ளுங்கள். வங்கிகள் வேண்டாம் என்ற இடத்துக்குக் கடன் தர முன்வரும் நிறுவனம் அந்த ஆபத்துக்கான விலையை வட்டியில் வைத்துத்தான் தரும். நாளை நீங்கள் விற்க நினைத்தால், வாங்க வருபவரும் இதே மறுப்பைத்தான் சந்திப்பார்.

வங்கி ஏற்றுக்கொண்ட மனை என்றாலும் சில சோதனைகளை நீங்களே செய்தாக வேண்டும். செங்கல்பட்டு ஏரிகள் நிறைந்த மாவட்டம். சர்வே எண்ணைக் கொண்டு அரசின் இணையச் சேவையில் ‘அ’ பதிவேட்டைப் பார்த்து, அந்த நிலம் எந்த வகையில் பதிவாகியிருக்கிறது, ஒட்டியுள்ள சர்வே எண்கள் நீர்நிலைப் புறம்போக்கா என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். நிலத்தின் எல்லைகளையும் அளவுகளையும் காட்டும் புலப்படத்தை எடுத்து, வழி உண்மையிலேயே பொது வழிதானா என்று பாருங்கள். வில்லங்கச் சான்றிதழைக் குறைந்தது முப்பது ஆண்டுகளுக்கு எடுங்கள். பிறகு ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்த மறுநாள் ஒருமுறை நேரில் போய் நின்று பாருங்கள். 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் நீரில் மூழ்கிய வீடுகளில் முறையான பத்திரமும் வங்கிக் கடனும் உள்ள வீடுகள் எத்தனையோ இருந்தன. உரிமையில் குறையில்லை என்று சொல்லும் சட்டக் கருத்து, தண்ணீர் நிற்குமா என்பதைச் சொல்லாது.

கணவர், மனைவி இருவருக்கும் சேர்த்துக் கையில் வரும் சம்பளம் மாதம் 85,000 ரூபாய். கூடுவாஞ்சேரியில் 13,000 ரூபாய் வாடகைக்கு இருக்கிறோம். 45 லட்சம் ரூபாய்க்கு இரண்டு படுக்கையறை அடுக்ககம் ஒன்று கட்டி முடியும் நிலையில் இருக்கிறது. வங்கி 90 சதவீதம் தரும், கையில் ஐந்து லட்சம் இருந்தால் போதும் என்கிறார் விற்பனைப் பிரதிநிதி. சரியா?
— ஒரு தம்பதியர், கூடுவாஞ்சேரி

சரியில்லை. ரிசர்வ் வங்கியின் விதிப்படி 90 சதவீதம் என்பது 30 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கே பொருந்தும். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதமும், அதற்கு மேல் 75 சதவீதமும்தான் உச்சவரம்பு. உங்கள் வீட்டுக்கு 80 சதவீதம் என்றால் 36 லட்சம். மீதி ஒன்பது லட்சத்தை நீங்கள் போட்டாக வேண்டும். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் இந்த விலைக்குள் சேராது. பத்து லட்சத்துக்கு உட்பட்ட வீடுகளைத் தவிர மற்றவற்றுக்கு வங்கி அவற்றைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

தமிழ்நாட்டில் கட்டுநரிடமிருந்து முதன்முதலாக வாங்கும் அடுக்ககம் 50 லட்சத்துக்கு உட்பட்டதாக இருந்தால், முத்திரைத் தீர்வை 4 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என ஆறு சதவீதம் ஆகும், இது 2.70 லட்சம். (மறுவிற்பனை வீடாக இருந்தால் இதுவே ஒன்பது சதவீதமாக இருக்கும்.) கட்டுமானம் முடிந்ததற்கான சான்றிதழ் வாங்குவதற்கு முன் விற்கப்படும் வீட்டுக்கு ஜி.எஸ்.டி. உண்டு: விலை 45 லட்சத்துக்கு மிகாமல், தரைவிரிப்புப் பரப்பு (சுவர்களுக்குள் நாம் புழங்கும் தரையின் அளவு) பெருநகரத்தில் 60 சதுர மீட்டருக்குள்ளும் மற்ற இடங்களில் 90 சதுர மீட்டருக்குள்ளும் இருந்தால் ஒரு சதவீதம், இல்லையென்றால் ஐந்து சதவீதம். இந்த ஒரு வேறுபாடே 45,000 ரூபாயா, 2.25 லட்சமா என்பதைத் தீர்மானிக்கும். ஆகவே பரப்பளவை விற்பனைப் பிரதிநிதியின் வாய்ச்சொல்லில் கேட்காமல் ஒப்பந்தத்தில் பாருங்கள். பத்திரங்களை வங்கியில் ஒப்படைத்ததற்கான எம்.ஓ.டி. ஆவணத்துக்கு ஒரு தீர்வை, வங்கியின் பரிசீலனைக் கட்டணம், மின் இணைப்பு, வாகன நிறுத்துமிடம், பராமரிப்பு முன்வைப்பு என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தால், நீங்கள் கையிலிருந்து போட வேண்டியது பதின்மூன்று லட்சத்துக்குக் குறையாது. ஐந்து சதவீத வரி விழுந்தால் பதினைந்தைத் தொடும்.

இந்தப் பள்ளத்தைத் தனிநபர் கடனால் நிரப்ப வேண்டாம். எட்டு லட்சம் தனிநபர் கடனுக்கு ஐந்து ஆண்டுகளில் கட்ட வேண்டிய தவணை, உங்கள் வீட்டுக் கடன் தவணையின் பாதியையும் தாண்டிவிடும்.

சுமையைப் பார்ப்போம். 36 லட்சத்துக்கு எட்டு சதவீத வட்டியில் இருபது ஆண்டுகளுக்கு மாதத் தவணை ஏறக்குறைய 30,100 ரூபாய். உங்கள் வருமானத்தில் இது 35 சதவீதம். வங்கி பாதி வரைகூட அனுமதிக்கும். அது வங்கியின் கணக்கு. என் கணக்கு வேறு: இருவரில் ஒருவர் சம்பளம் ஓராண்டு நின்றுபோனால் மற்றவர் சம்பளத்தில் தவணையும் கட்டி வீட்டையும் நடத்த முடியுமா என்று பாருங்கள். குழந்தை பிறப்பு, பெற்றோரின் உடல்நலக் குறைவு என்று அப்படி ஓர் ஆண்டு பெரும்பாலான குடும்பங்களுக்கு வந்தே தீரும். அதோடு, தினமும் கிண்டிக்கும் எழும்பூருக்கும் போய்வருவதாக எழுதியிருக்கிறீர்கள். ரயில் பருவச் சீட்டு மலிவுதான். ஆனால் புதிய வீடு நிலையத்திலிருந்து நான்கு கிலோமீட்டர் உள்ளே இருந்தால், ஆளுக்கொரு இருசக்கர வாகனமும் அதற்குப் பெட்ரோலும் நிறுத்தக் கட்டணமும் தவணைக்கு மேல் ஏறும் இன்னொரு தவணைதான்.

வரிச் சலுகையை எண்ணி அவசரப்பட வேண்டாம். பழைய வரி முறையில் குடியிருக்கும் வீட்டின் வட்டிக்கு ஆண்டுக்கு இரண்டு லட்சம் வரை கழிவு உண்டு. இப்போது இயல்பாகப் பொருந்தும் புதிய முறையில் அந்தக் கழிவு இல்லை. இன்னும் இரண்டு, மூன்று ஆண்டுகள் 13,000 ரூபாய் வாடகையிலேயே இருந்து, தவணைக்கும் வாடகைக்கும் இடையிலுள்ள 17,000 ரூபாயை மாதந்தோறும் தொடர் வைப்பில் போட்டு வாருங்கள். முன்பணமும் சேரும், தவணை கட்டும் பழக்கமும் வந்துவிடும். விலை ஏறிவிடும் என்று சொல்வார்கள்; ஏறலாம். கைப்பணமில்லாமல் வாங்குவதைவிட அந்த ஏற்றம் தாங்கக்கூடியது என்பதே என் எண்ணம்.

2021ஆம் ஆண்டின் நடுவில் 6.70 சதவீத வட்டியில் 30 லட்சம் ரூபாய் கடன் வாங்கினேன். இருபது ஆண்டுத் தவணை, மாதம் 22,722 ரூபாய். ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. ஆனால் இப்போது அசல் இன்னும் 28.50 லட்சம் நிற்கிறது; 2041இல் முடிய வேண்டிய கடன் 2048இல் முடியும் என்று அறிக்கை சொல்கிறது. இடையில் ஒரு கட்டத்தில் 2060ஐயும் தாண்டிக் காட்டியது. கேட்டால் ‘ரெப்போ ஏறியது’ என்கிறார்கள். என்னை ஏமாற்றிவிட்டார்களா?
— ஒரு வாசகர், மறைமலை நகர்

இந்தக் கேள்வி சிற்சில மாற்றங்களுடன் பல கடிதங்களில் வந்திருப்பதால் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன். கணக்கில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆனால் உங்களிடம் கேட்காமலே ஒரு முடிவு எடுக்கப்பட்டிருக்கிறது.

2019 அக்டோபர் முதல் தேதியிலிருந்து வங்கிகள் தரும் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் ஒரு வெளி அளவுகோலுடன் இணைக்கப்பட வேண்டும் என்பது விதி. பெரும்பாலான வங்கிகள், ரிசர்வ் வங்கி தங்களுக்குக் கடன் தரும் வட்டியான ரெப்போ விகிதத்தையே எடுத்துக்கொண்டன. நீங்கள் கடன் வாங்கியபோது ரெப்போ 4 சதவீதம். அதன் மேல் வங்கி வைத்த கூடுதல் விகிதம் 2.70 என்று உங்கள் எண்களிலிருந்தே தெரிகிறது. 2022 மே மாதம் ஏறத் தொடங்கிய ரெப்போ, 2023 பிப்ரவரியில் 6.50ஐ அடைந்தது. உங்கள் வட்டி 9.20 ஆனது.

அப்போது நடந்ததைப் பாருங்கள். உங்கள் அசல் ஏறக்குறைய 28.87 லட்சம். அதற்கு 9.20 சதவீதத்தில் ஒரு மாத வட்டி மட்டுமே 22,135 ரூபாய். நீங்கள் கட்டியது 22,722. ஆக, அசலுக்குப் போனது அறுநூறு ரூபாய்க்கும் குறைவு. அந்த வேகத்தில் கடன் முடிய இன்னும் நாற்பது ஆண்டுகள் ஆகும். அறிக்கை 2060ஐத் தாண்டிக் காட்டியதன் காரணம் அதுதான். தவணைத் தொகையை உயர்த்தினால் வாடிக்கையாளர் உடனே வந்து நிற்பார். காலத்தை நீட்டினால் பல ஆண்டுகளுக்கு அவர் கவனிக்கவே மாட்டார். எனவே தவணையை அப்படியே விட்டுவிட்டுக் காலத்தை நீட்டுவது வங்கிகளின் வழக்கமாகிப்போனது. இப்படிப் பல புகார்கள் எழுந்த பிறகு, 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ஓர் உத்தரவு பிறப்பித்தது. வட்டி மாறும்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலந்து செய்வதா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைக் கடன்தாரருக்குத் தரவேண்டும். வட்டிக்கே போதாத தவணையாக ஆகிவிடக் கூடாது. இதுவரை வசூலான அசல், வட்டி, மீதமுள்ள தவணைகள் ஆகியவற்றைக் காட்டும் அறிக்கையை ஒவ்வொரு காலாண்டும் தரவேண்டும். அந்த அறிக்கை உங்களுக்கு வராவிட்டால் எழுத்து மூலம் கேளுங்கள்.

2025இல் ரெப்போ நான்கு முறை குறைந்து டிசம்பரில் 5.25க்கு வந்தது. உங்கள் வட்டி இப்போது 7.95ஆக இருக்க வேண்டும். 2048 என்ற ஆண்டும் அந்தக் கணக்கோடு பொருந்துகிறது. இப்போது நீங்கள் செய்யக்கூடிய மிகச் சிறந்த காரியம் தவணையை நீங்களாகவே உயர்த்துவதுதான். மாதம் 22,722க்குப் பதிலாக 26,000 கட்டினால், மீதமுள்ள காலம் இருபத்திரண்டரை ஆண்டுகளிலிருந்து பதினாறு ஆண்டு, நான்கு மாதங்களாகக் குறையும். மொத்தமாகக் கட்டும் தொகையில் ஏறக்குறைய பத்து லட்சம் மிச்சமாகும். போனஸ், நிலுவைத் தொகை என்று எது வந்தாலும் அசலில் கட்டுங்கள்; தனிநபர்களுக்கான மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்டினால் அபராதம் வசூலிக்கக் கூடாது. ஆனால் ஒன்று: கட்டும்போது ‘தவணைத் தொகையைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறையுங்கள்’ என்று கடிதம் கொடுத்து, அதற்கு ஒப்புதல் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து அந்த 2.70 என்ற கூடுதல் விகிதம். இன்று புதிதாக வருபவருக்கு உங்கள் வங்கியே இதைவிடக் குறைவாகத் தருகிறதா என்று பாருங்கள். தருகிறது என்றால், அதே விகிதத்தை உங்களுக்கும் கேளுங்கள். ஒரு சிறு மாற்றுக் கட்டணத்துக்குப் பல வங்கிகள் இசைகின்றன. வேறு வங்கிக்கு மாற்றுவதாக இருந்தால் இன்னொரு செலவை மறக்காதீர்கள். புதிய வங்கியில் மறுபடி எம்.ஓ.டி. பதிய வேண்டும், கடன் தொகையில் அரை சதவீதம் தீர்வையும், உச்சவரம்புக்கு உட்பட்ட பதிவுக் கட்டணமும் சேர்ந்து உங்கள் தொகைக்கு இருபதாயிரம் ரூபாய் அளவில் ஆகும். கால் சதவீத வட்டி வேறுபாடு உங்களுக்கு ஆண்டுக்கு ஏழாயிரம் ரூபாய் அளவுக்குத்தான் மிச்சப்படுத்தும். அரை சதவீதமாவது குறையாமல் வங்கி மாறுவதில் பொருளில்லை.

செங்கல்பட்டில் பழைய தனி வீடு ஒன்று 40 லட்சத்துக்குப் பேசி முடிந்தது. பத்திரத்தில் 28 லட்சம் போட்டுக்கொண்டு மீதியை ரொக்கமாகத் தரச் சொல்கிறார் விற்பவர். பதிவுச் செலவு குறையுமே என்று வீட்டிலும் சொல்கிறார்கள்.
— ஒரு வாசகர், பரனூர்

பன்னிரண்டு லட்சத்துக்கு ஒன்பது சதவீதம் என்று பார்த்தால் உங்களுக்கு மிச்சமாவது ஒரு லட்சத்துச் சொச்சம். இழப்பது என்னவென்று பாருங்கள். வங்கி, ஒப்பந்த விலையையும் தன் மதிப்பீட்டாளர் சொல்லும் விலையையும் ஒப்பிட்டு எது குறைவோ அதன்மீதுதான் கடன் தரும். 28 லட்சத்துக்கு 90 சதவீதம் என்றாலும் 25.20 லட்சம், மீதி 14.80 லட்சத்தை நீங்கள் புரட்ட வேண்டும், அதில் பன்னிரண்டு லட்சத்துக்கு ரசீதே இருக்காது. வியாபாரம் முறிந்தால் அதைத் திரும்பக் கேட்க உங்களிடம் காகிதம் இல்லை. பின்னாளில் 60 லட்சத்துக்கு விற்றால், உங்கள் வாங்கிய விலை 28 லட்சம் என்றே கொண்டு ஆதாய வரி கணக்கிடப்படும். விற்பவர் இன்று தப்பிக்கும் வரியை நாளை நீங்கள் கட்டுவீர்கள். நிலம், வீடு விற்பனையில் 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடை செய்திருக்கிறது; பெற்ற தொகைக்குச் சமமான அபராதமும் உண்டு என்பதை விற்பவருக்கே எடுத்துச் சொல்லுங்கள். இசையாவிட்டால் வேறு வீடு பாருங்கள்.

ஊரப்பாக்கத்தில் கட்டப்பட்டுவரும் அடுக்ககத்தில் பதிவு செய்திருக்கிறேன். அடித்தளம்தான் முடிந்திருக்கிறது. கடன் தொகை முழுவதையும் இப்போதே விடுவிக்கச் சொல்லிவிட்டால், வீட்டை ஒப்படைக்கும் வரை வட்டியைத் தானே கட்டுவதாகக் கட்டுநர் சொல்கிறார். திட்டத்துக்கு வங்கியின் முன் ஒப்புதல் இருக்கிறது.
— ஒரு வாசகர், வண்டலூர்

வேண்டாம். கடன் உங்கள் பெயரில். கட்டுநர் வட்டியைக் கட்டுவதாகச் சொல்வது உங்களுக்கும் அவருக்கும் இடையிலான பேச்சு. வங்கிக்கு அதில் பங்கில்லை. ஆறு மாதம் கழித்து அவர் நிறுத்திவிட்டால் வங்கி உங்களைத்தான் கேட்கும், சிபில் மதிப்பெண்ணும் உங்களுடையதுதான் சரியும். கட்டுமானம் எந்த நிலையை எட்டியிருக்கிறதோ அதற்கேற்பவே தொகையை விடுவிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. அடித்தளம் முடிந்திருந்தால் அடித்தளத்துக்கான பங்கு மட்டும் போகட்டும். விடுவித்த தொகைக்கு மட்டும் நீங்கள் வட்டி கட்டிவருவீர்கள். அதில் அசல் குறையாது என்பதையும் மனத்தில் வைத்து வாடகையோடு சேர்த்துத் திட்டமிடுங்கள்.

‘முன் ஒப்புதல்’ என்பதன் பொருள், நிலத்தின் உரிமையையும் திட்ட அனுமதியையும் வங்கி ஒருமுறை பார்த்துவிட்டது என்பதே. குறித்த நாளில் வீடு வரும் என்று வங்கி யாருக்கும் உறுதி தருவதில்லை. அந்த உறுதியை ஓரளவுக்குத் தருவது வீட்டுத் திட்டங்களை ஒழுங்குபடுத்தும், 2016ஆம் ஆண்டின் ரெரா சட்டம். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில், அல்லது எட்டுக்கு மேற்பட்ட வீடுகளோடு வரும் திட்டம் தமிழ்நாடு ரெரா ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கொண்டு ஆணையத்தின் இணையதளத்தில் கட்டுநர் தாமே அறிவித்த முடிவுத் தேதியைப் பாருங்கள். உங்களிடம் சொன்ன தேதியும் அதுவும் ஒன்றாக இருப்பது அரிது. விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. வாங்குவோரிடமிருந்து பெறும் பணத்தில் 70 சதவீதம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். தாமதமானால் விலகிப் பணத்தை வட்டியோடு திரும்பப் பெறவோ, தொடர்ந்து இருந்து மாதந்தோறும் வட்டி பெறவோ உங்களுக்கு உரிமை உண்டு.

கடன் ஒப்புதலோடு 1.40 லட்சம் ரூபாய்க்கு ஆயுள் காப்பீட்டையும் சேர்த்துவிட்டார்கள். கட்டாயம் என்கிறார் அதிகாரி.
— ஒரு வாசகி, பொத்தேரி

கட்டாயம் இல்லை. வீட்டுக் கடனுக்கு ஆயுள் காப்பீடு எடுத்தே தீரவேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. வீட்டுக் கட்டடத்துக்கான தீ விபத்துக் காப்பீட்டைக் கடன் ஒப்பந்தம் கேட்கும். அதற்கான தொகை சிறியது. ஒற்றைத் தவணைப் பிரீமியத்தைக் கடனோடு சேர்த்தால் அதற்கும் இருபது ஆண்டுகள் வட்டி ஓடும்: எட்டு சதவீதத்தில் 1.40 லட்சம் என்பது 2.81 லட்சமாக முடியும். கடன் அளவுக்குக் காப்பீடு இருப்பது குடும்பத்துக்கு நல்லதுதான். ஆனால் அதைத் தனி டேர்ம் காப்பீடாக (குறித்த காலத்துக்குள் இறந்தால் மட்டும் தொகை தரும் காப்பீடு) நீங்களே எடுங்கள்; தொகை வங்கிக்குப் போகாமல் குடும்பத்தின் கைக்கு வரும், கடனை வேறு வங்கிக்கு மாற்றினாலும் காப்பீடு உங்களோடே இருக்கும். ‘எனக்கு வேண்டாம்’ என்று மின்னஞ்சலில் எழுதுங்கள். வாய்மொழியில் கட்டாயமாக இருப்பது எழுத்தில் பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை.

ரயில் நிலையத்துக்கு அருகே சிற்றுண்டிக் கடை நடத்துகிறேன். வியாபாரம் நன்றாக நடக்கிறது, ஆனால் சம்பளச் சீட்டு இல்லை என்று வங்கியில் தயங்குகிறார்கள். 32 லட்சத்தில் வீடு பார்த்திருக்கிறேன்.
— ஒரு வாசகர், காட்டாங்குளத்தூர்

உங்கள் சம்பளச் சீட்டு நீங்கள் தாக்கல் செய்யும் வருமான வரிப் படிவம்தான். இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கான படிவங்களும், வியாபாரத்துக்கென்று ஒரு நடப்புக் கணக்கும், உணவுப் பாதுகாப்பு உரிமமும் இருந்தால் வங்கியின் பேச்சே மாறும். கைப்பேசியில் வரும் பணம் சொந்த சேமிப்புக் கணக்கிலும் ரொக்கம் கல்லாப்பெட்டியிலும் கிடந்தால், கடை எவ்வளவு நன்றாக நடந்தாலும் அது காகிதத்தில் தெரியாது. இதுவரை படிவம் தாக்கல் செய்யவில்லையென்றால், வீட்டு நிதி நிறுவனங்கள் கேட்கும் கூடுதல் வட்டிக்கு ஒப்புக்கொள்வதைவிட, இரண்டு ஆண்டுகள் பொறுத்துக் கணக்கைச் சீராக்கிக்கொண்டு வங்கிக்கே போவது நல்லது.

ஆண்டு வருமானம் ஒன்பது லட்சத்துக்குள் இருந்து, குடும்பத்தில் யார் பெயரிலும் நாட்டில் எங்கும் நிரந்தர வீடு இல்லையென்றால், பிரதமர் வீட்டு வசதி நகர்ப்புறத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் வட்டி மானியம் கேட்கலாம். வீட்டின் மதிப்பு 35 லட்சத்துக்குள்ளும் கடன் 25 லட்சத்துக்குள்ளும் இருக்க வேண்டும். முதல் எட்டு லட்சத்துக்கு நான்கு சதவீத மானியம் பன்னிரண்டு ஆண்டுகள் வரை கணக்கிடப்பட்டு, உச்சமாக 1.80 லட்சம் ஐந்து ஆண்டுத் தவணைகளில் வரும். நகர்ப்புறத் திட்டம் என்பதால், நீங்கள் பார்த்திருக்கும் இடம் அதற்குள் வருகிறதா என்பதை வங்கியிடம் முதலிலேயே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

என் தந்தை வாங்கிய வீட்டுக் கடனை, அவர் காலமான பிறகு நாங்கள் கட்டி முடித்து இரண்டு மாதங்களுக்கு மேல் ஆகிறது. பத்திரங்கள் மைய அலுவலகத்தில் இருக்கின்றன என்று கிளையில் நாள் கடத்துகிறார்கள்.
— ஒரு வாசகர், செங்கல்பட்டு

2023 டிசம்பர் முதல் தேதியிலிருந்து நடைமுறையில் உள்ள விதி தெளிவானது. கடன் முழுவதும் தீர்ந்த முப்பது நாள்களுக்குள் அசல் பத்திரங்கள் அனைத்தையும் வங்கி திருப்பித் தரவேண்டும். வங்கியின் காரணத்தால் தாமதமானால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் இழப்பீடு. பத்திரம் தொலைந்துபோயிருந்தால், சான்றிட்ட நகல் பெற வங்கி உதவி, அதற்கான செலவையும் ஏற்க வேண்டும். அப்போது மட்டும் கூடுதலாக முப்பது நாள் அவகாசம் உண்டு. கடன்தாரர் இறந்துபோயிருந்தால் வாரிசுகளிடம் பத்திரங்களை ஒப்படைக்கும் நடைமுறையை வங்கி தன் இணையதளத்திலேயே வெளியிட்டிருக்க வேண்டும். ஆகவே வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், கடன் தீர்ந்ததற்கான கடிதம் ஆகியவற்றின் நகல்களை இணைத்து, விதியையும் கணக்கு முடிந்த தேதியையும் குறிப்பிட்டுக் கிளைக்கு எழுத்து மூலம் புகார் கொடுங்கள். கிளை மேலாளரின் வாய்மொழி வாக்குறுதிக்காகக் காத்திருக்காதீர்கள். நாள் கணக்கு ஓடிக்கொண்டிருப்பதைக் கடிதத்தில் கண்டதும் மைய அலுவலகம் பெரும்பாலும் பக்கத்தில் வந்துவிடும். முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

பத்திரம் கைக்கு வந்ததோடு வேலை முடியவில்லை. உங்கள் தந்தை கடன் வாங்கியபோது பதிவான எம்.ஓ.டி. இன்னும் வில்லங்கச் சான்றிதழில் நின்றுகொண்டிருக்கும். வங்கியின் அதிகாரம் பெற்ற அலுவலர் சார்பதிவாளர் அலுவலகத்தில் ரசீது ஆவணம் பதிவு செய்து தந்தால்தான் கடன் தீர்ந்த விவரம் அதில் ஏறும். பத்திரத்தை வாங்கும் அன்றே அதற்கான நாளையும் எழுத்து மூலம் குறித்து வாங்குங்கள். அந்த அலுவலர் மாற்றலாகிப் போய்விட்டால் மறுபடி முதலிலிருந்து அலைய நேரும். பதிவு முடிந்த பிறகு புதிய வில்லங்கச் சான்றிதழ் ஒன்றை எடுத்து, பதிவு சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பட்டாவை வாரிசுகள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள்.